அமெரிக்கக் கல்லூரி வீரர்களுக்குப் பணம்: வருவாய்ப் பங்கா, ஊதியமா, இரண்டும் வேண்டாமா?

பதிவு 1 | பொருநை

அனைவருக்கும் வணக்கம். 2025 ஜூன் 6ஆம் தேதி, தேசியக் கல்லூரி விளையாட்டுச் சங்கத்தின் மீது கல்லூரி வீரர்கள் தொடுத்த ஹவுஸ் வழக்கின் சமரச உடன்பாட்டுக்கு நீதிபதி கிளாடியா வில்கன் ஒப்புதல் அளித்தார். அதன்படி அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் தம் விளையாட்டு வீரர்களுக்கு நேரடியாகவே பணம் கொடுக்கலாம். 2025-26 கல்வியாண்டில் ஒரு பல்கலைக்கழகம் ஏறத்தாழ 2 கோடியே 5 லட்சம் டாலர் வரை பகிர்ந்தளிக்கலாம் என்பது வரம்பு. 2016ஆம் ஆண்டு முதல் விளையாடியவர்களுக்கு இழப்பீடாக 280 கோடி டாலர், பத்தாண்டுகளில் வழங்கப்படும். ஆகவே பணம் தரலாமா, கூடாதா என்று இனியும் வாதிட்டுக்கொண்டிருப்பதில் பயனில்லை என்பது என் எண்ணம். எந்த உறவின் பேரில் தருவது, எவ்வளவு என்பதை யார் தீர்மானிப்பது என்பவற்றைத்தான் நாம் இப்போது பேச வேண்டும்.

என் நிலைப்பாட்டை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பெரிய பல்கலைக்கழகங்களுக்காக அமெரிக்கக் கால்பந்தும் கூடைப்பந்தும் ஆடுபவர்கள் அந்த நிறுவனங்களின் ஊழியர்கள். அவர்களுக்கு ஊதிய ஒப்பந்தம் வேண்டும். காயமடைந்தால் தொழிலாளர் இழப்பீடு வேண்டும். சங்கம் அமைத்துப் பேரம் பேசும் உரிமை வேண்டும். இம்மூன்றையும் தவிர்த்துவிட்டு, வீரர்களின் சங்கம் எதுவும் மேசையில் இல்லாத நிலையில் வகுக்கப்பட்ட ஒரு வரம்புக்குள் பங்கு கொடுப்பது, பழைய அநீதியைப் புதிய தொகையில் தொடர்வதாகும்.

பழைய அநீதி என்று நான் சொல்வதற்குக் காரணம் உண்டு. 1955இல் கொலராடோ மாநிலத்தின் ஃபோர்ட் லூயிஸ் கல்லூரிக்காக ஆடிய ரே டெனிசன் என்பவர் ஆட்டத்தில் தலையில் அடிபட்டு இறந்தார். அவருடைய மனைவி தொழிலாளர் இழப்பீடு கேட்டு வழக்காடினார். கல்லூரி கால்பந்துத் தொழில் நடத்தவில்லை என்று கூறி, 1957இல் அந்த மாநிலத்தின் உச்ச நீதிமன்றம் அவருக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. இத்தகைய கோரிக்கைகளுக்கு அஞ்சித்தான், வீரர்களை எங்கும் 'மாணவ விளையாட்டு வீரர்' என்றே குறிக்க வேண்டும் என என்.சி.ஏ.ஏ. எனப்படும் தேசியக் கல்லூரி விளையாட்டுச் சங்கம் வலியுறுத்தியது. அதன் முதல் செயல் இயக்குநராக முப்பத்தைந்து ஆண்டுகளுக்கு மேல் இருந்த வால்டர் பையர்ஸே இதைப் பின்னாளில் ஒப்புக்கொண்டு, தாம் கட்டிக் காத்த அமைப்பைக் கண்டித்து 1995இல் ஒரு நூலும் எழுதினார்.

இனி வருவாயைப் பாருங்கள். மார்ச் மாதம் நடைபெறும் ஆண்கள் கூடைப்பந்துப் போட்டியின் ஒளிபரப்பு உரிமை 2010இல் பதினான்கு ஆண்டுகளுக்கு 1,080 கோடி டாலருக்கு விற்கப்பட்டது. 2016இல் மேலும் எட்டு ஆண்டுகளுக்கு, அதாவது 2032 வரை, 880 கோடி டாலருக்கு நீட்டிக்கப்பட்டது. மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் கால்பந்து அரங்கில் 1,07,000 பேருக்கு மேல் அமரலாம். அந்த அரங்கில் பயிற்றுநர், நடுவர், ஒளிப்பதிவாளர், நுழைவுச்சீட்டைச் சரிபார்ப்பவர், தின்பண்டம் விற்பவர் என எல்லோருக்கும் நெடுங்காலமாகக் கூலி உண்டு. எவரைப் பார்க்கக் கூட்டம் வந்ததோ அவர்களுக்கு மட்டும் இல்லாதிருந்தது. நண்பர்கள் தங்கள் கருத்தைக் கூற வேண்டுகிறேன்.

பதிவு 2 | கணக்காயர்

பொருநை அவர்களுக்கு வணக்கம். தாங்கள் காட்டிய தொகைகள் உண்மையானவை. ஆனால் அவை சில கல்லூரிகளின் கதையை மட்டுமே சொல்கின்றன. பல்கலைக்கழக நிதிநிலை அறிக்கைகளைப் பல ஆண்டுகளாகப் படித்துவருபவன் என்ற முறையில் மறுபக்கத்தைக் கூற விரும்புகிறேன்.

என்.சி.ஏ.ஏ.வின் உயர்நிலைப் போட்டிப் பிரிவான முதல் பிரிவில் ஆடும் முந்நூற்றைம்பதுக்கும் மேற்பட்ட நிறுவனங்களில் பெரும்பாலானவை விளையாட்டில் ஈட்டுவதைவிட மிகுதியாகச் செலவிடுகின்றன. அந்தப் பள்ளத்தை நிரப்புவது பல்கலைக்கழகத்தின் பொது நிதியும், எல்லா மாணவர்களிடமும் வசூலிக்கப்படும் விளையாட்டுக் கட்டணமுமே. வர்ஜீனியாவின் ஜேம்ஸ் மேடிசன் பல்கலைக்கழகத்தில் இந்தக் கட்டணம் ஒரு மாணவருக்கு ஆண்டுக்கு 2,000 டாலருக்கும் மேல். கடன் வாங்கிப் படிக்கும் ஒரு செவிலியர் படிப்பு மாணவி, தாம் ஒருமுறைகூடப் பார்க்காத கால்பந்து அணிக்காக அந்தக் கடனின் ஒரு பகுதியைச் சுமக்கிறார். வீரர்களுக்கு ஊதியம் என்று நாம் முடிவு செய்தால், அது யாருடைய பையிலிருந்து வரும் என்று கேட்க வேண்டாமா?

கால்பந்தும் ஆண்கள் கூடைப்பந்தும் ஈட்டும் பணத்தில்தான் மற்ற விளையாட்டுகள் உயிர்வாழ்கின்றன என்பதும் உண்மை. மல்யுத்தம், நீச்சல், ஓட்டம், சீருடற்பயிற்சி போன்றவை தாமாக வருவாய் ஈட்டுவதில்லை. அமெரிக்க ஒலிம்பிக் அணியில் பெரும்பான்மையோர் கல்லூரி அணிகளில் உருவானவர்கள். அரசின் விளையாட்டு அமைச்சகம் என்று ஒன்று இல்லாத அந்த நாட்டில் அந்தப் பணியைக் கல்லூரிகளே செய்துவருகின்றன. பெரும் செல்வமுடைய ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகமே 2020 ஜூலையில் பதினொரு விளையாட்டுகளை நிறுத்தப்போவதாக அறிவித்தது. பழைய மாணவர்கள் கடுமையாகப் போராடிய பின்னரே மறு ஆண்டு அம்முடிவைத் திரும்பப் பெற்றது. ஆண்டுக்கு இரண்டு கோடி டாலர் புதிய செலவு வரும்போது முதலில் வெட்டு விழுவது கால்பந்துப் பயிற்றுநரின் சம்பளத்தில் இருக்காது. நீச்சல் குளத்தில்தான் இருக்கும்.

கல்விக் கட்டணம், தங்குமிடம், உணவு, நூல்கள், மருத்துவப் பராமரிப்பு, பயிற்சி ஆகிய அனைத்தையும் சேர்த்தால் நான்கு ஆண்டுகளில் ஒரு வீரர் பெறுவது சில லட்சம் டாலர் மதிப்புடையது. இதை ஊதியமே இல்லை என்று தள்ளிவிடுவது சரியா என்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டுகிறேன்.

பதிவு 3 | இலவந்திகை

கணக்காயர் ஐயா கடைசியாகச் சொன்னதற்கு மட்டும் நான் விடை கூறுகிறேன், ஏனெனில் அந்தக் கல்வியை மிக அருகிலிருந்து பார்த்தவள் நான். முதுகலை படித்த காலத்தில், தென் மாநிலம் ஒன்றின் அரசுப் பல்கலைக்கழகத்தில், விளையாட்டு மாணவர்களுக்கான படிப்பகத்தில் புள்ளியியல் பாடத்துக்குத் துணை ஆசிரியராக வேலை பார்த்தேன்.

இரவு எட்டு மணிக்கு வருவார்கள். முழங்காலில் பனிக்கட்டிப் பையை நெகிழித் தாளால் சுற்றிக் கட்டியிருப்பார்கள். நேரம் ஆக ஆக அது உருகிக் கணுக்கால் வழியே தரையில் சொட்டும். காலை ஐந்தரை மணிக்குப் பளுப்பயிற்சி, பிறகு வகுப்பு, பிற்பகலில் காணொளி பார்த்து எதிரணியின் ஆட்டத்தை ஆராய்தல், அதன் பின் களப்பயிற்சி, இரவு உணவு, அதற்குப் பிறகு என் மேசை. ஒரு மாணவர் நிகழ்தகவுக் கணக்கை மிக அழகாகப் போடுவார். பொறியியல் படிக்க வேண்டும் என்ற ஆசையோடு வந்தவர் அவர். ஆய்வக வகுப்புகள் அனைத்தும் பிற்பகலில் இருந்ததால், முதல் பருவத்திலேயே வேறு துறைக்கு மாற்றிவிட்டார்கள். அந்தத் துறையில் அணியின் பாதிப் பேர் இருந்தார்கள். அவர் தேர்ந்தெடுத்த படிப்பு அன்று. பயிற்சி அட்டவணை அவருக்காகத் தேர்ந்தெடுத்த படிப்பு.

வாரத்துக்கு இருபது மணி நேரத்துக்கு மேல் விளையாட்டுப் பணி கூடாது என்று என்.சி.ஏ.ஏ. விதி கூறுகிறது. ஆனால் பயணநேரம் அந்தக் கணக்கில் சேராது. 'விருப்பத்தின் பேரில்' செய்யும் பயிற்சி சேராது. ஆட்ட நாள் முழுவதும் கழிந்தாலும் அது மூன்று மணி நேரம் என்றே எழுதப்படும். விருப்பப் பயிற்சிக்கு வராதவருக்குக் களத்தில் இடம் கிடைக்காது என்பது எல்லோருக்கும் தெரியும்.

வட கரோலினா பல்கலைக்கழகத்தில் நடந்தது உங்களுக்கு நினைவிருக்கும். ஏறத்தாழ பதினெட்டு ஆண்டுகளாக, ஒரு கட்டுரை கொடுத்தாலே போதும் என்ற பெயரளவு வகுப்புகளில் 3,100க்கும் மேற்பட்ட மாணவர்கள் சேர்க்கப்பட்டிருந்ததையும், அவர்களில் விளையாட்டு மாணவர்கள் மிகுதி என்பதையும் 2014ஆம் ஆண்டு விசாரணை அறிக்கை வெளிக்கொணர்ந்தது. அந்த வகுப்புகள் மற்ற மாணவர்களுக்கும் திறந்திருந்தன என்று காரணம் காட்டி, 2017இல் என்.சி.ஏ.ஏ. அதற்குத் தண்டனை எதுவும் விதிக்காமல் விட்டது. கல்விதான் கூலி என்றால், அந்தக் கூலி செல்லாக் காசாகக் கொடுக்கப்பட்டபோது அதைக் கேட்க ஒருவரும் இல்லை. நிகழ்தகவுக் கணக்குப் போட்ட அந்த மாணவரைப் பற்றி நினைக்கும்போதெல்லாம் எனக்கு இன்றும் கோபம் வருகிறது.

பதிவு 4 | சட்டமேசை

இந்த விவாதத்தில் இரண்டு வேறு சட்டங்கள் கலந்துவிடுவதை அடிக்கடி பார்க்கிறேன். பிரித்துப் பார்த்தால் பொருநை எழுப்பும் கேள்வி தெளிவாகும். ஒன்று ஷெர்மன் சட்டம் எனப்படும் ஏகபோக எதிர்ப்புச் சட்டம். மற்றொன்று தொழிலாளர் சட்டம். வீரர்கள் முதலாவதில் தொடர்ந்து வென்றுவருகிறார்கள். இரண்டாவதில் வாசற்படியிலேயே நிற்கிறார்கள்.

முதலாவதன் வரலாறு 1984இல் தொடங்குகிறது. கால்பந்து ஒளிபரப்பைத் தன் கட்டுப்பாட்டில் வைத்திருந்த என்.சி.ஏ.ஏ.வை எதிர்த்து ஓக்லஹோமா பல்கலைக்கழகத்தின் ஆட்சிக்குழு தொடுத்த வழக்கில், உச்ச நீதிமன்றம் ஏழுக்கு இரண்டு என்ற கணக்கில் என்.சி.ஏ.ஏ.வுக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. ஒளிபரப்புப் பணம் பெருக்கெடுத்தது அதன் பிறகுதான். ஆனால் அதே தீர்ப்பில், வீரர்களுக்கு ஊதியம் இல்லாமை இந்த விளையாட்டின் இயல்பு என்ற பொருளில் போகிற போக்கில் எழுதப்பட்ட சில வரிகளை, என்.சி.ஏ.ஏ. அடுத்த முப்பத்தேழு ஆண்டுகள் கேடயமாகப் பிடித்துக்கொண்டிருந்தது.

யு.சி.எல்.ஏ. எனப்படும் லாஸ் ஏஞ்சல்ஸ் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் கூடைப்பந்து அணி 1995இல் பட்டம் வெல்லக் காரணமாக இருந்த எட் ஓபேனன், பல ஆண்டுகள் கழித்து ஒரு காணொளி விளையாட்டில் தன்னைப் போலவே தோற்றமும், இடக்கைப் பழக்கமும், அதே எண்ணும் கொண்ட ஓர் ஆட்டக்காரரைக் கண்டு 2009இல் வழக்குத் தொடர்ந்தார். 2014இல் இதே நீதிபதி வில்கன் அவருக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தார். மறு ஆண்டு மேல்முறையீட்டு நீதிமன்றம் சட்ட மீறலை உறுதி செய்தாலும், ஒவ்வொரு வீரருக்கும் ஆண்டுக்கு 5,000 டாலர் ஒதுக்கி வைக்கலாம் என்ற பகுதியை நீக்கிவிட்டது. 2019இல் கலிபோர்னியா, வீரர்கள் தம் பெயரையும் படத்தையும் விற்கலாம் என்று சட்டம் இயற்றியது. 2021 ஜூன் 21ஆம் தேதி ஆல்ஸ்டன் வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகளும் ஒருமனதாக என்.சி.ஏ.ஏ.வுக்கு எதிராகத் தீர்ப்பளித்தனர். அது கல்வி தொடர்பான சலுகைகளை மட்டுமே பற்றிய தீர்ப்பு. ஆயினும் நீதிபதி கேவனா தனியாக எழுதிய கருத்தில், தொழிலாளருக்குச் சந்தை ஊதியம் தர மாட்டோம் என்று முதலாளிகள் தமக்குள் பேசிவைத்துக்கொள்வதை வேறெந்தத் துறையிலும் சட்டம் ஏற்காது என்று கடுமையாகக் குறிப்பிட்டார். பத்தே நாள்களில், ஜூலை 1 அன்று, பெயர், படம், புகழ் ஆகியவற்றால் வீரர்கள் வருவாய் ஈட்டுவதற்கு இருந்த தடை நீங்கியது. ஹவுஸ் உடன்பாடு இந்த வரிசையின் கடைசிப் படி.

தொழிலாளர் சட்டத்தில் நிலைமை வேறு. 2014 மார்ச்சில் தேசியத் தொழிலாளர் உறவு வாரியத்தின் மண்டல இயக்குநர், நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தின் உதவித்தொகை பெறும் கால்பந்து வீரர்களை ஊழியர்கள் என்று அறிவித்தார். பயிற்சி முகாமில் வாரம் 50 முதல் 60 மணி நேரமும், போட்டிக் காலத்தில் 40 முதல் 50 மணி நேரமும் அவர்கள் உழைப்பதாக அவருடைய ஆணையில் கண்டிருந்தது. வீரர்கள் வாக்களித்தார்கள். ஆனால் 2015 ஆகஸ்டில் வாரியம் இவ்வழக்கில் தலையிட மறுத்ததால் அந்த வாக்குகள் எண்ணப்படவே இல்லை. 2024 மார்ச்சில் டார்ட்மத் கல்லூரியின் ஆண்கள் கூடைப்பந்து அணியினர் 13க்கு 2 என்ற வாக்கில் சங்கம் அமைத்தனர். கல்லூரி பேச்சுவார்த்தைக்கு மறுத்தது. அவ்வாண்டின் கடைசி நாளில் சங்கத் தரப்பே வாரியத்திடம் அளித்திருந்த தன் மனுவைத் திரும்பப் பெற்றது. அதே 2024 ஜூலையில், ஜான்சன் வழக்கில் மூன்றாம் வட்ட மேல்முறையீட்டு நீதிமன்றம், கல்லூரி வீரர்கள் ஊதியச் சட்டத்தின்படி ஊழியர்களாக இருக்கக்கூடும் என்று கூறி விசாரணையைத் தொடர அனுமதித்தது. கதவு மூடப்படவில்லை, ஆனால் இன்னும் எவரும் உள்ளே போகவுமில்லை.

பதிவு 5 | பொருநை

சட்டமேசைக்கு என் நன்றி. கணக்காயர் கூறிய நிதிப்பற்றாக்குறை குறித்து ஒன்று சொல்ல வேண்டும். ஈட்டியதை எல்லாம் செலவழித்துவிட்டுப் பற்றாக்குறை என்று கூறுவதை நான் வறுமை என்று ஏற்க மாட்டேன். ஆட்டக்காரருக்குக் கொடுக்கக் கூடாது என்று விதி இருந்ததால், அவரைக் கவர்வதற்காக அந்தப் பணம் வேறு வழிகளில் ஓடியது. கிளெம்சன் பல்கலைக்கழகம் 2017இல் கால்பந்து அணிக்காக 5 கோடியே 50 லட்சம் டாலரில் கட்டிய வளாகத்தில் ஒரு தளத்திலிருந்து மற்றொன்றுக்குச் சறுக்கி இறங்கும் சறுக்குப்பாதையும், சிறு கோல்ஃப் திடலும் உண்டு. டெக்சஸ் ஏ அண்டு எம் பல்கலைக்கழகம் 2023 நவம்பரில் தன் பயிற்றுநர் ஜிம்போ ஃபிஷரை நீக்கியபோது, இனி வேலை செய்யாமல் இருப்பதற்காக அவருக்குத் தர வேண்டியிருந்த தொகை ஏழரைக் கோடி டாலருக்கும் மேல். இந்தத் தொகைகளை எழுதும்போது எந்த நிர்வாகியும் நீச்சல் அணியை நினைத்துக் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை.

பதிவு 6 | மேகலை

நீச்சல் அணி என்று எல்லோரும் எடுத்துக்காட்டாகவே பேசுவதால், என் மகள் நீச்சல் வீராங்கனை என்ற உரிமையில் எழுதுகிறேன். உயர்நிலைப் பள்ளியின் மூன்றாம் ஆண்டில் இருக்கிறாள். கல்லூரிப் பயிற்றுநர்கள் பேசத் தொடங்கியிருக்கிறார்கள்.

இதுவரை ஆண்கள் நீச்சல் அணிக்கு 9.9 முழு உதவித்தொகைக்கு ஈடான தொகை, பெண்கள் அணிக்கு 14 என்று உச்ச வரம்பு இருந்தது. அதை இருபது, முப்பது பேருக்குப் பிரித்துக் கொடுத்தார்கள். ஹவுஸ் உடன்பாடு அந்த வரம்பை நீக்கிவிட்டு, அணியில் இத்தனை பேர்தான் இருக்கலாம் என்று புதிய வரம்பை வைத்தது. உதவித்தொகை இல்லாமல், தம் செலவில் அணியில் சேர்ந்து மெல்ல மெல்ல முன்னேறும் பிள்ளைகளுக்கு அந்த வரம்பு பேரிடியாக விழுந்தது. ஒப்புதல் வருவதற்கு முன்பே பல கல்லூரிகள் அவர்களை வெளியேற்றத் தொடங்கிவிட்டன. அவ்வாறு இடம் இழந்தவர்கள் வரம்புக்கு வெளியே மீண்டும் சேர வழி செய்ய வேண்டும் என்று நீதிபதி வற்புறுத்திய பிறகே ஒரு விலக்கு எழுதப்பட்டது. அந்த விலக்கும் கல்லூரி விரும்பினால்தான்.

அடுத்தது பெண்களின் பங்கு. கல்வி நிறுவனங்களில் பாலினப் பாகுபாடு கூடாது என்று 1972இல் வந்த ஒன்பதாம் பிரிவுச் சட்டம் இல்லாவிட்டால் இந்நாட்டில் பெண்கள் விளையாட்டு இந்த நிலைக்கு வந்திருக்காது. இப்போது பல பெரிய பல்கலைக்கழகங்கள் பின்பற்றுவதாகக் கூறப்படும் பகிர்வில் கால்பந்துக்கு 75 விழுக்காடு, ஆண்கள் கூடைப்பந்துக்கு 15, பெண்கள் கூடைப்பந்துக்கு 5, மற்ற எல்லா விளையாட்டுகளுக்கும் சேர்த்து 5. இந்தப் பகிர்வுக்கும் ஒன்பதாம் பிரிவு பொருந்தும் என்று 2025 ஜனவரியில் கல்வித்துறை வழிகாட்டுதல் வெளியிட்டது. ஆட்சி மாறிய பின், பிப்ரவரியில் அதைத் திரும்பப் பெற்றுவிட்டது.

வருவாய் ஈட்டுபவருக்கே பங்கு என்று சொல்வீர்கள். பெண்களின் போட்டிகளை எத்தனை ஆண்டுகள் விளம்பரம் இல்லாமல், நல்ல ஒளிபரப்பு நேரம் இல்லாமல் வைத்திருந்தார்கள்! 2021இல் ஆண்கள் கூடைப்பந்துப் போட்டிக்குப் பெரிய உடற்பயிற்சிக் கூடமும், பெண்கள் போட்டிக்கு ஒரே ஒரு எடைக்கட்டை அடுக்கும் வைத்த காட்சியை நாடே பார்த்தது. விதைக்காத நிலத்தைக் காட்டி விளைச்சல் இல்லை என்று கூறுவது எனக்கு நியாயமாகப் படவில்லை. வீரர்களுக்குப் பணம் தருவதை நான் எதிர்க்கவில்லை. என் மகளைப் போன்றவர்களின் இடத்தை விற்று அந்தப் பணத்தைத் திரட்டுவதையே எதிர்க்கிறேன்.

பதிவு 7 | குறுஞ்சாலை

வெளிநாட்டிலிருந்து வந்த மாணவர்களின் நிலையையும் சேர்த்துக்கொள்ளுங்கள். நம்மவர்களுக்கும் இதில் தொடர்பு உண்டு. சென்னையில் டென்னிஸ் பயின்ற சோம்தேவ் தேவ்வர்மன் வர்ஜீனியா பல்கலைக்கழகத்துக்காக ஆடி 2007, 2008 ஆகிய இரு ஆண்டுகளிலும் தேசியக் கல்லூரி ஒற்றையர் பட்டம் வென்றார். டெல்லியில் வளர்ந்த தேஜஸ்வின் சங்கர் கேன்சஸ் மாநிலப் பல்கலைக்கழக மாணவராக 2018இலும் 2022இலும் உயரம் தாண்டுதலில் தேசியக் கல்லூரிப் பட்டம் பெற்றார். உதவித்தொகை இல்லையேல் இந்தப் பயிற்சி இவர்களைப் போன்றவர்களுக்கு எளிதில் கிட்டியிருக்காது; அந்த நன்றியோடுதான் எழுதுகிறேன்.

மாணவர் விசாவில் இருப்பவர் வெளியில் வேலை செய்ய முடியாது. அதனால் 2021க்குப் பிறகு விளம்பர வருவாய் பெருகியபோது, அமெரிக்க மாணவர் தன் ஊரில் ஒரு கார்க் கடைக்காக ஒரு மணி நேரம் படம் பிடித்துக்கொண்டு பணம் பெற்றார். அவருக்குப் பக்கத்தில் ஆடிய வெளிநாட்டு மாணவர் பார்த்துக்கொண்டிருந்தார். கென்டக்கி அணியின் காங்கோ நாட்டு வீரர் ஆஸ்கர் ஷீப்வே, 2022இல் அணி பஹாமஸ் சென்றிருந்தபோது, அமெரிக்க மண்ணுக்கு வெளியே என்பதால், அங்கேயே வைத்துத் தன் விளம்பரப் படப்பிடிப்புகளை முடித்துக்கொண்டார். அந்த ஆண்டின் சிறந்த வீரர் என்று பெயர் வாங்கியவர், தன் படத்துக்குக் காசு பெற ஒரு தீவுக்குப் போக வேண்டியிருந்தது.

வருவாய்ப் பங்கு என்று வரும்போது அது உழைப்புக்கான கூலியா, படத்துக்கான உரிமத்தொகையா என்பது அவர்களுக்கு உயிர்நாடியான கேள்வி. மாணவர் விசாவில் வளாகத்துக்குள் வாரம் இருபது மணி நேரம் வரை வேலை செய்ய அனுமதி உண்டு. ஆய்வு உதவியாளராகவும் நூலகத்திலும் நம் பிள்ளைகள் ஆயிரக்கணக்கில் அப்படித்தான் வேலை செய்கிறார்கள். வீரர் வெளிப்படையாகவே ஊழியர் என்றால் அந்த வழியையாவது கேட்டுப் பார்க்கலாம். இப்போதிருக்கும் இரண்டுங்கெட்டான் நிலையில் அந்த வழியும் இல்லை.

பதிவு 8 | கணக்காயர்

ஃபிஷர் குறித்துப் பொருநை எழுதியதற்கு என்னிடம் மறுப்பில்லை. அந்த ஒப்பந்தத்தை எந்தக் கணக்காலும் நியாயப்படுத்த முடியாது. ஆனால் ஊழியர் என்ற தீர்வுக்கு ஒரு பெருந்தடை இருக்கிறது. தேசியத் தொழிலாளர் உறவு வாரியத்தின் அதிகாரம் தனியார் நிறுவனங்களுக்கு மட்டுமே. பெரிய அணிகளில் மிகப் பல அரசுப் பல்கலைக்கழகங்களைச் சேர்ந்தவை. அங்கு மாநிலச் சட்டமே செல்லும். வட கரோலினா மாநிலத்தில் அரசு ஊழியர்களின் சங்கத்தோடு கூட்டு ஒப்பந்தம் செய்துகொள்வதையே சட்டம் தடுக்கிறது. ஆக, ஒரே மாநிலத்தில், தனியார் நிறுவனமான டியூக் பல்கலைக்கழகத்தின் வீரர் சங்கம் வைத்துப் பேரம் பேசலாம். சில மைல் தொலைவில், சேப்பல் ஹில்லில் உள்ள அரசின் வட கரோலினா பல்கலைக்கழகத்துக்காக ஆடுபவர் பேச முடியாது. 2015இல் வாரியம் பின்வாங்கியதற்குக் காட்டிய காரணமும் இத்தகையதே. இந்த முடிச்சை அவிழ்க்காமல் ஊழியர் என்ற தகுதியை அறிவித்துவிட்டால் ஒரே போட்டித் தொடருக்குள் இரண்டு வகைச் சட்டம் ஓடும்.

பதிவு 9 | பொருநை

முடிச்சு உண்மையானதுதான், ஐயா. அதை அவிழ்க்க நாடாளுமன்றத்தால் முடியும். ஆனால் 2025 ஜூலையில் பிரதிநிதிகள் அவையில் கொண்டுவரப்பட்ட ஸ்கோர் சட்ட முன்வடிவு எதிர்த்திசையில் போகிறது: வீரர்களை ஊழியர்களாகக் கருதக் கூடாது என்று தடுப்பதோடு, என்.சி.ஏ.ஏ.வுக்கு ஏகபோக வழக்குகளிலிருந்து பாதுகாப்பும் தருகிறது. சட்டமேசை காட்டிய இரண்டு வழிகளில், வீரர்கள் வென்றுவந்த வழியை அடைப்பதும், இன்னும் திறக்காத வழியைப் பூட்டுவதும் ஒரே சட்டத்தில் நடக்கும்.

காயத்தைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. 1974இல் டெக்சஸ் கிறிஸ்தவப் பல்கலைக்கழகத்துக்காக அலபாமாவை எதிர்த்து ஆடிய கென்ட் வால்ட்ரெப், கழுத்தெலும்பு முறிந்து கழுத்துக்குக் கீழே செயலிழந்தார். அவர் தொழிலாளர் இழப்பீடு கேட்டு நடத்திய வழக்கு 2000ஆம் ஆண்டு மேல்முறையீட்டில் தோற்றது. அவர் ஊழியர் அல்லர் என்பதே காரணம். டெனிசனுக்கும் அவருக்கும் இடையே ஏறத்தாழ இருபது ஆண்டு. சொல்லப்பட்ட விடை ஒன்றே. விளையாட்டால் வந்த காயத்துக்கு, கல்லூரியை விட்டுச் சென்ற பின் குறைந்தது இரண்டு ஆண்டுகளாவது மருத்துவச் செலவை ஏற்க வேண்டும் என்று முதல் பிரிவுக் கல்லூரிகளுக்கு விதி வந்ததே 2024 ஆகஸ்டில்தான். தேய்ந்த முழங்காலும் தலையில் பட்ட அடிகளும் இரண்டு ஆண்டில் கணக்கு முடித்துக்கொள்வதில்லை. இரண்டு கோடி டாலரில் கால் பங்கு எவருக்கு என்று பேசுவதைக் காட்டிலும் இதுவே எனக்கு முதன்மையாகத் தோன்றுகிறது.

மற்றொன்றையும் கவனியுங்கள். வீரர் ஒருவர் தன் அணியை விட்டு மயாமிக்குச் சென்றதற்காக, அவரோடு தமக்கிருந்த ஒப்பந்தத்தில் குறுக்கிட்டதாகக் கூறி, விஸ்கான்சின் பல்கலைக்கழகம் மயாமி பல்கலைக்கழகத்தின் மீது 2025 ஜூனில் வழக்குத் தொடர்ந்தது. அவரைப் பிடித்து வைக்கும்போது ஒப்பந்தம் வேண்டும். அவர் விழுந்துவிட்டால் எடுத்து நிறுத்தும்போது மட்டும் அவர் மாணவர். இந்த இரட்டை நிலையைத்தான் நான் எதிர்க்கிறேன்.

பதிவு 10 | இலவந்திகை

பொருநை கேட்கும் மூன்றோடு நான்காவதாக ஒன்றைச் சேர்க்க வேண்டுகிறேன். ஆடும் ஆண்டுகளில் படிக்க விடவில்லை என்றால், ஆட்டம் முடிந்த பிறகாவது, அவர் விரும்பும் துறையில், எத்தனை வயதானாலும் திரும்பி வந்து படிக்கும் செலவைப் பல்கலைக்கழகம் ஏற்க வேண்டும். சில பல்கலைக்கழகங்கள் தாமாகவே இதைச் செய்கின்றன. ஒப்பந்தத்தில் எழுதப்பட்ட உரிமையாக இருந்தால், பயிற்றுநர் மாறினாலும் அது மாறாது. இதற்கு ஆகும் செலவு ஒரு பயிற்றுநரை நீக்கும் செலவில் சிறு பகுதியாகவே இருக்கும்.

பதிவு 11 | மேகலை

சட்டமேசை அவர்களிடம் ஒரு கேள்வி. வரும் ஆண்டு என் மகளிடம் ஏதாவது தாளை நீட்டுவார்கள். நாங்கள் எதைப் பார்த்துக் கையெழுத்திட வேண்டும்?

பதிவு 12 | சட்டமேசை

அம்மா, பொதுவாகச் சொல்கிறேன். கையெழுத்துக்கு முன் அந்த மாநிலத்து வழக்கறிஞர் ஒருவரிடம் கட்டாயம் காட்டுங்கள்.

முதலில், உதவித்தொகை எத்தனை ஆண்டுக்கு என்று பாருங்கள். 1973 முதல் அது ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டியதாகவே இருந்தது. 2012க்குப் பிறகு பல ஆண்டுகளுக்கும் தரலாம் என்றாயிற்று. பயிற்றுநர் வாயால் 'நான்கு ஆண்டு' என்று சொல்வதும் தாளில் ஒரு ஆண்டு என்று இருப்பதும் நடக்கக்கூடியதே. காயம் காரணமாகவோ, அணியின் எண்ணிக்கை வரம்பு காரணமாகவோ அணியில் இடம் போனால் உதவித்தொகை தொடருமா என்பதை எழுத்தில் கேளுங்கள். எண்ணிக்கை வரம்பு பற்றிய கேள்விக்கு இப்போது புதிய முக்கியத்துவம் உண்டு.

வருவாய்ப் பங்கு என்று தனி ஒப்பந்தம் தந்தால், அது பெரும்பாலும் அவளுடைய பெயருக்கும் படத்துக்குமான உரிமம் என்றே எழுதப்பட்டிருக்கும். அந்த உரிமம் எத்தனை காலத்துக்கு, கல்லூரியை விட்ட பிறகும் தொடருமா, அவள் வேறு கல்லூரிக்கு மாறினால் பணத்தைத் திருப்பித் தர வேண்டுமா ஆகியவற்றைப் பாருங்கள். வெளியார் தரும் விளம்பர வாய்ப்பு 600 டாலரையோ அதற்கு மேலோ எட்டினால் அதை இப்போது பதிவு செய்ய வேண்டும் என்பதும் நினைவில் இருக்கட்டும். படிப்பைப் பொறுத்தவரை, இலவந்திகை எழுதியதை அப்படியே பயிற்றுநரிடம் கேளுங்கள்: பிற்பகல் ஆய்வகம் உள்ள துறையை எடுத்தவர்கள் இப்போது அணியில் எத்தனை பேர், அவர்கள் பயிற்சிக்கு எந்த நேரத்தில் வருகிறார்கள் என்று. அணிக்குள் இருக்கும் இரண்டு மாணவிகளிடம், பயிற்றுநர் இல்லாத இடத்தில், அதே கேள்வியை மகளையே கேட்கச் சொல்லுங்கள்.